எக்ஸெல் வண்டியில் பில்டர் காபி: 60 டம்ளருக்கான கணக்கு

காபி வண்டி போட நினைக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது வண்டியைத்தான். கலர் விளக்கு, பெயர்ப்பலகை, மடக்குக் குடை. வியாபாரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பால் கேனும் அதன் குழாயும். பழைய டிவிஎஸ் எக்ஸெல் ஒன்றும் 2 நல்ல கேனும் இருந்தால் காலை 5 மணிக்கு நடைப்பயிற்சிப் பூங்கா வாசலிலோ பூச்சந்தை முனையிலோ நின்றுவிடலாம்.

முதல் மாதத்துக்கு 60 டம்ளர் போதும். டம்ளருக்கு 85 மில்லி பால், 27 மில்லி டிக்காஷன். அதாவது 540 கிராம் தூள், 2.7 லிட்டர் தண்ணீர். தூள் தன் எடையைப்போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். கீழே இறங்குவது 1.6 லிட்டர்தான். இது தெரியாமல் 1.6 லிட்டர் தண்ணீர் மட்டும் ஊற்றிவிட்டு, டிக்காஷன் பத்தவில்லை என்று இரண்டாம் டிக்காஷனைக் கலப்பார்கள். 6 மணிக்குக் குடித்தவருக்கு ஒரு ருசி, 8 மணிக்கு வந்தவருக்கு இன்னொன்று.

80க்கு 20 சிக்கரி கலந்த தூளில் தொடங்கலாம். சட்டம் 49 சதவீதம் வரை சிக்கரியை அனுமதிக்கிறது, ஆனால் 40ஐத் தாண்டினால் தூள் பிசினாகிச் சல்லடைக் கண்ணை அடைத்துக்கொள்ளும். மிக நைசாக அரைத்தாலும் அதேதான். கொரகொரவென்று இருந்தால் தண்ணீர் பத்து நிமிடத்தில் ஓடிப்போய் டிக்காஷன் நீர்த்துவிடும். தூளை அமுக்காமல் தட்டிச் சமன்செய்து, கொதி அடங்கிய வெந்நீரைத் தூள் நனையும் அளவு மட்டும் ஊற்றி ஒரு நிமிடம் விட்டபின் மிச்சத்தை ஊற்றவும். சொட்டு நின்றுபோனால் கரண்டியால் கிளற வேண்டாம். கீழ்ப் பாத்திரத்தில் அடைபட்ட காற்றுதான் பல சமயம் காரணம்; மேல் பாத்திரத்தை லேசாகத் தூக்கி வைத்தால் மறுபடி இறங்கும்.

இறங்கிய டிக்காஷனை அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் கசந்துவிடும். ஆறவும் விடக்கூடாது. 75 டிகிரிப் பாலில் 30 டிகிரி டிக்காஷன் சேர்ந்தால் டம்ளரில் இருப்பது 64 டிகிரிதான், ஆற்றி ஊற்றும்போது இன்னும் இறங்கும். அதனால் டிக்காஷனுக்கும் 2 லிட்டர் பிளாஸ்க் தனியாக வேண்டும். இரண்டையும் வீட்டிலேயே கலந்து சர்க்கரையும் போட்டு ஒரே கேனில் கொண்டுபோவது சுலபம்தான். ஒரு மணி நேரத்தில் அதில் பழைய வாடை வந்துவிடும், சர்க்கரை வேண்டாம் என்கிறவருக்கும் கொடுக்க முடியாது.

பாலுக்கு ஆவின் பச்சைப் பாக்கெட், 4.5 சதவீதக் கொழுப்பு, சரியாக இருக்கும். ஆரஞ்சு பாக்கெட்டில் காபி திக்காக வரும், ஆடையும் அதிகம் படியும். 10 லிட்டர் கேன் ஒன்றைவிட 5 லிட்டர் கேன் இரண்டு மேல். பால் குறையக் குறைய உள்ளே காலியிடம் கூடி, சூடு வேகமாக இறங்கும். இரண்டாவது கேனை 7 மணிக்குமேல் திறந்தால் கடைசி டம்ளர்வரை சூடு நிற்கும். வண்டியின் இருபக்கமும் எடையும் சமமாகும். பால் ஊற்றுமுன் கேனில் கொதிநீர் விட்டுப் பத்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிட வேண்டும். 60 டிகிரிக்குக் கீழே போன பாலைக் கொட்டிவிடுங்கள், மறுபடி காய்ச்சி விற்காதீர்கள்.

பால் திரிந்தால் எல்லோரும் பால்காரரைத் திட்டுவார்கள். குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே நேற்றைய பால் வெண்பசையாக ஒட்டியிருக்கும். கேனை எவ்வளவு தேய்த்தாலும் குழாயைத் தினமும் கழற்றி, வாஷரை எடுத்து, சோப்பும் சிறு பிரஷ்ஷும் போட்டுக் கழுவி வெந்நீரில் போடாவிட்டால் பயனில்லை. நாட்டுச்சர்க்கரை கேட்பவருக்கு டம்ளரிலேயே போட்டுக் கலக்குங்கள். கொதிக்கும் பாலில் போட்டால் அதுவும் திரிக்கும்.

பால் லிட்டர் 60, தூள் கிலோ 650 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் டம்ளருக்குத் தூள் 5.85, பால் 5.10, சர்க்கரை சுமார் 35 காசு. எரிவாயு, பெட்ரோல், தண்ணீருக்கு 1.50 சேர்த்தால் 13 ரூபாயைத் தொடும். 15க்கு விற்றால் நாள் முழுக்க 120 ரூபாய்தான் மிச்சம். 20க்கு விற்றால் 420. அதிலும் பத்து டம்ளர் பால் மீந்தால் 51 ரூபாய், அதாவது ஏழு டம்ளர் லாபம், சாக்கடையில். 20 சொல்லக் கூச்சப்பட்டுத் தூளைக் குறைக்கிறவர்கள் வாடிக்கையாளரைத்தான் குறைக்கிறார்கள்.

பேப்பர் கப் வாங்கிக் குவிக்காதீர்கள். தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடையான பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு. எவர்சில்வர் டம்ளர் 30 போதும். கழுவ ஒன்றுக்கு 200 மில்லி வீதம் 12 லிட்டர் பிடிக்கும், 20 லிட்டர் கேன் ஒன்று எடுத்துப் போங்கள். வீட்டு சிவப்பு சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவை முதலிலேயே செய்துவிடுங்கள். நிற்கும் இடத்துக்கு, 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி உள்ளாட்சி தரும் விற்பனைச் சான்றுக்கு மனுப் போடுங்கள்.

டூல்ஸ் பெட்டியில் குழாய்க்கு இரண்டு வாஷர் உபரியாகக் கிடக்கட்டும். அது பிய்ந்துபோவது கூட்டம் நிற்கும் ஆறரை மணிக்குத்தான்.