எங்கள் சபையில் இறையியல் மாணவர்களோடு பத்து வாரம்

2024 கோடையில் இரண்டு இறையியல் மாணவர்கள் களப்பணிப் பயிற்சிக்காக எங்கள் சபைக்கு வந்தார்கள். ஒரு தம்பி, ஒரு தங்கை. ஜூன் கடைசியில் வந்து ஆகஸ்ட் கடைசியில் கிளம்பினார்கள். அவர்களுக்குத் துணையாக ஆயர் ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார். நான் ஞாயிறு பள்ளி ஆசிரியை, இறையியல் எல்லாம் படித்ததில்லை. தயங்கினேன். "படிக்காதவர்கள்தான் வேண்டும், பிரசங்கம் சபையார் காதில் எப்படி விழுகிறது என்று நீங்கள்தானே சொல்ல முடியும்" என்றார்.

அவர்கள் வருவதற்கு முன்பே ஒரு தவறு செய்தோம். விடுமுறை வேதாகமப் பள்ளி, வாலிபர் கூடுகை, பாடகர் குழு என்று ஆள் இல்லாமல் கிடந்த வேலைகளை எல்லாம் பட்டியல் போட்டு இறையியல் கல்லூரிக்கு அனுப்பினோம். அங்கிருந்த பொறுப்பாளர் தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இதில் அவர்கள் கற்றுக்கொள்ளப் போவது என்ன?" எங்களிடம் பதில் இல்லை. பட்டியலைக் கிழித்துவிட்டு, மாணவர்களையே தங்கள் இலக்குகளை எழுதச் சொன்னோம். அந்தக் கற்றல் ஒப்பந்தத்தில் தம்பி எழுதிய முதல் வரி இன்னும் என் மனதில் நிற்கிறது: "நோயாளி பக்கத்தில் உட்கார எனக்குப் பயம். அந்தப் பயத்தோடு உட்காரப் பழக வேண்டும்."

மற்ற ஏற்பாடுகள் சீக்கிரம் முடிந்தன. பிள்ளைகளோடு பழகப் போகிறவர்கள் என்பதால் பின்னணிச் சரிபார்ப்பு கட்டாயம். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதியையும் முதல் நாளே சொல்லிவிட்டோம். இருவரும் இன்னும் குருப்பட்டம் பெறாதவர்கள், அதனால் எங்கள் சபை முறைப்படி திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் சடங்கு) நடத்த முடியாது. இதை முதல் ஞாயிறே சபையில் அறிவித்தது நல்லதாயிற்று. இல்லாவிட்டால் யாராவது கேட்டு, அவர்கள் மறுக்க வேண்டி வந்து, இரண்டு பக்கமும் சங்கடப்பட்டிருக்கும்.

நான் அதிகம் கற்றுக்கொண்டது உரையாடல் பதிவில்தான். நோயாளியைச் சந்தித்துவிட்டு வந்ததும், அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்று மாணவர்கள் நினைவிலிருந்து வரிக்கு வரி எழுத வேண்டும். பெயர் எழுதக் கூடாது. மூன்றாம் வாரம் தம்பி தன் முதல் பதிவை எங்களுக்கு வாசித்தார் (அவர் சம்மதத்தோடுதான் இங்கே எழுதுகிறேன்). "ராத்திரியில தூக்கமே வரல தம்பி" என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். அடுத்த வரியிலேயே தம்பி, "ஜெபம் பண்ணலாமாம்மா?" வாசித்துக்கொண்டே வந்தவர் அங்கே நின்றுவிட்டார். "ஏன் தூக்கம் வரலன்னு நான் கேட்கவே இல்லையே" என்றார். யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கு உள்ளே சுருக்கென்றது. நானும் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் அவசரமாக ஜெபித்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

மருத்துவமனையை வகுப்பறையாக்கும் இந்தப் பயிற்சியின் தொடக்கத்தை ஆயர் அன்று சொன்னார். மனநோயாளியாக மருத்துவமனையில் இருந்து மீண்ட ஆன்டன் பாய்சன் என்ற போதகர், 1925 கோடையில் அமெரிக்காவின் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்கள் சிலருக்குப் பயிற்சி கொடுத்தாராம். புத்தகங்களைப் படிப்பதுபோல் மனிதர்களையும் கவனித்துப் படிக்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை.

தங்கைக்கு வந்த சோதனை வேறு. எந்த ஞாயிறு எந்த வேதப்பகுதி என்று வகுத்திருக்கும் மூன்றாண்டுச் சுழற்சி வாசக அட்டவணைப்படிதான் எங்கள் சபையில் பிரசங்கம். அதில் மாற்கு நற்செய்தியை முக்கியமாக வாசிக்கும் ஆண்டில், கோடை நடுவே ஐந்து ஞாயிறுகள் தொடர்ந்து யோவான் 6ஆம் அதிகாரம் வரும், அப்பத்தைப் பற்றியே. அவருக்குக் கிடைத்தது ஐந்தாவது ஞாயிறு. "இது கடினமான உபதேசம்" என்று சீஷர்கள் பலர் விலகிப் போகிற பகுதி. பயிற்சியின் கடைசி ஞாயிறும் அதுதான்.

முந்தின வியாழக்கிழமை எங்கள் ஐந்து பேருக்கும் பேசிக் காட்டினார். வாசலில் கைகொடுத்து "நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்வது சுலபம். ஆனால் அதனால் அவருக்கு என்ன பயன்? எங்கே கவனம் சிதறியது என்று நேராகச் சொல்வதாக ஏற்கெனவே முடிவு செய்திருந்தோம். "மூன்று கிரேக்க வார்த்தைகளை விளக்கினீர்களே, அங்கே உங்களை விட்டுவிட்டேன் தங்கச்சி" என்றேன். முகம் வாடியது. அப்புறம் குறித்துக்கொண்டு, "விலகிப் போனவங்களைப் பத்திதான் பேசணும்னு நினைச்சேன் அக்கா, பயந்துட்டேன்" என்றார். ஞாயிறன்று கிரேக்கம் இல்லை. விலகிப் போனவர்களைக் குறை சொல்லாமல், அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி என்று சொல்லித் தொடங்கினார். பெரியவர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் தங்கை அவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

விடைபெறுவதற்கும் முன்கூட்டியே நேரம் ஒதுக்குங்கள். சந்தித்து வந்த நோயாளிகளிடம் சொல்லாமல் மாணவர்கள் மறைந்துவிடக் கூடாது. தம்பி கடைசி வாரம் அந்த அம்மாவைப் பார்க்கப் போனார். அன்று கொண்டுவந்த பதிவு அரைப் பக்கம்கூட இல்லை. ஏன் இவ்வளவுதான் என்று கேட்டேன்.

"நாற்பது நிமிஷம் இருந்தேன் அக்கா. அவங்க கொஞ்சம் பேசினாங்க. மத்த நேரம் ரெண்டு பேரும் சும்மாதான் உட்கார்ந்திருந்தோம்."