மே 7, டியன் பியன் பூ

காலையில் கண்ணில் பட்டது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். மூட்டை ஏற்றிய சைக்கிள், கூடவே நடந்து தள்ளும் ஒருவர்.

1954இல் இதே நாளில்தான் வியட்நாமின் டியன் பியன் பூவில், விடுதலைக்குப் போராடிய வியட் மின் படையிடம் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது.

வியட் மின் படைக்குப் பொருள் சுமந்த அந்த சைக்கிளை உற்றுப் பாருங்கள். ஹேண்டில்பாரில் நீள மூங்கில், எட்ட நடந்தபடியே திருப்ப. சீட்டுப் பக்கம் இன்னொன்று, சாயாமல் பிடிக்க. 200 கிலோவுக்கு மேல் ஏற்றுவார்கள். இறக்கத்தில்தான் ஆபத்து, பாரம் ஆளையே இழுத்துக்கொண்டு ஓடும்.

2 டன்னுக்கு மேல் எடையுள்ள 105 மி.மீ. பீரங்கிகளையும் கையால் இழுத்தே மலையேற்றினார்கள். ஜனவரி 26 அன்று வியட் மின் தளபதி கியாப் தாக்குதலைத் தள்ளிப்போட்டதும், அவற்றைத் திரும்ப இழுத்துவந்தார்கள்!

வெற்றியைவிடத் தள்ளிப்போட்ட அந்த முடிவுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மார்ச் 13இல் தாக்குதல் தொடங்கியது. மாதம் முடிவதற்குள் பிரெஞ்சுப் படையின் விமான ஓடுதளம் முடங்கியது. பிறகு பிரெஞ்சுக்காரர்களுக்கு எல்லாமே பாராசூட்டில்தான். அதிலும் பல மூட்டைகள் வியட் மின் பக்கமே விழுந்தன.