யூரியா மூட்டையும் இலை வண்ண அட்டையும்

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில், எங்கள் ஊர்க் கண்மாயின் கீழ் எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு, வடகிழக்குப் பருவமழைக்காக வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் நிலம் அது. அப்பா காலத்தில் உர அளவைக் கண்ணே தீர்மானித்தது. பயிர் வெளுத்தாலும் யூரியா, பக்கத்து வயல் எங்களுடையதைவிடப் பச்சையாகத் தெரிந்தாலும் யூரியா.

மண்ணைப் பரிசோதிக்கக் கொடுத்த பிறகுதான் எங்கே பணம் வீணானது என்று புரிந்தது. வயலில் பல இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் திரும்பத் திரும்பக் கழித்து அரைக் கிலோவாக்கிக் கொடுத்தேன். எங்கள் செம்மண் அமிலத்தன்மை கொண்டது. அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பேட்) பிடித்துக்கொள்வதால், டி.ஏ.பி. உரத்தில் 46 விழுக்காடு மணிச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். இப்போது சூப்பர் பாஸ்பேட்டைத் தொழு உரத்தோடு கலந்து, நிழலில் ஒரு மாதம் குவித்து மூடிவைத்து, விதைக்கும்போது இடுகிறோம்.

யூரியாவுக்கு இலை வண்ண அட்டை. காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், வெயில் படாமல் முதுகால் மறைத்துக்கொண்டு, முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையின் எண்ணிட்ட பச்சைப் பட்டைகளோடு ஒப்பிட வேண்டும். நேரடி விதைப்பில் பத்து இலைகளில் ஆறோ அதற்கு மேலோ 3-ஆம் பட்டையைவிட வெளிறி இருந்தால் மட்டுமே மேலுரமாக யூரியா. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய 21 கிலோதான் என்றாலும், அதுவே அளவு மீறினால் இலைச்சுருட்டுப் புழுவையும் குலைநோய் என்னும் பூஞ்சை நோயையும் வரவழைத்துவிடும். (யூரியா கேட்டால் வேண்டாத நுண்ணூட்டப் பொட்டலத்தையும் தலையில் கட்டிய உரக்கடைக்காரரிடம் இந்த அட்டையைக் காட்டினேன், அவர் ரசிக்கவில்லை.)

கருவிகளில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் மண்ணில் ஈரம் இல்லாத நாளில் யூரியா வேருக்குப் போய்ச் சேராது. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலைச் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. ஆகையால் இந்த ஆண்டு உரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சமானதை, ஊரார் சேர்ந்து அமர்த்தும் பொக்லைன் வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். ஆடி முடிவதற்குள் கால்வாயைத் தூர்வார ஏற்பாடு.