இரண்டு சர்வரும் ஒரு ஐபி முகவரியும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு 2020இல் சின்னதாக ஒரு ஸ்டாக் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். கட்டிங்கிலிருந்து எத்தனை பீஸ் போனது, பேக்கிங்குக்கு எத்தனை வந்து சேர்ந்தது, நடுவில் காணாமல் போனது எத்தனை, அவ்வளவுதான். அது ஓட இரண்டு கிளவுட் சர்வர், அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கணினிகள், மாத வாடகை 36 டாலர். என் கார்டிலிருந்து போகும், கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை கணக்குத் தீர்க்கும். 2024 ஏப்ரலில் அவர்கள் கம்பெனியின் எல்லா வேலையையும் ஒரே இடத்தில் பார்க்கும் பெரிய ஈஆர்பி மென்பொருள் ஒன்றுக்கு மாறிவிட்டார்கள். டேட்டாபேஸை முழுசாக இறக்கி, என் லேப்டாப்பில் ஏற்றித் திறக்கிறதா என்று பார்த்து, ஹார்ட் டிஸ்க்கை முதலாளி கையில் கொடுத்தேன். இரண்டு சர்வரையும் ஆஃப் செய்துவிட்டுத் தூங்கப் போனேன்.

நான் சர்வர் எடுத்திருந்த நிறுவனத்தில், ஆஃப் செய்தால் வாடகை நிற்காது. கடையைப் பூட்டிச் சாவியை நம் இடுப்பிலேயே செருகிக்கொண்டால் கடைக்காரர் வாடகையை விட்டுவிடுவாரா? டிஸ்க்கும் மெமரியும் நமக்கென்று ஒதுக்கியபடியே இருக்கின்றன. அழித்தால்தான் காலி செய்ததாகக் கணக்கு. இதெல்லாம் அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் இருக்கிறது, எங்கோ அடியில். பவர் ஆஃப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு வரி போட்டிருந்தால் குறைந்தா போயிருப்பார்கள்?

18% ஜிஎஸ்டியும் சேர்ந்து மாதம் 3,600 ரூபாய் சொச்சம், மூன்று மாதம் போனது. ரிசர்வ் வங்கி விதிப்படி ஆட்டோ டெபிட்டுக்கு 24 மணி நேரம் முன்னால் குறுஞ்செய்தி வந்தாக வேண்டும். வந்துகொண்டுதான் இருந்தது. லோன் வேண்டுமா என்று கேட்கிற செய்திகளோடு அதையும் தள்ளிவிட்டிருக்கிறேன். 15,000 ரூபாய்க்குள் இருந்ததால் ஓடிபியும் கேட்கவில்லை. கார்டை நீக்கிவிட்டால் போதுமே என்று ஒரு நண்பன் யோசனை சொன்னான். அப்படிச் செய்தால் பாக்கிதான் ஏறும்.

ஜூலையில் உட்கார்ந்து அழித்தேன். உறுதிசெய்ய சர்வரின் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்கிறது. ஒரு எழுத்து தப்பினாலும் பொத்தான் அசையாது. ‘கட்டிங்’ போனது. ‘பேக்கிங்’ என்று அடிக்கும்போது மட்டும் விரல் கொஞ்சம் நின்றது. நாலு வருஷப் பழக்கம் அல்லவா.

ஆகஸ்ட் பில் வந்தது, 14 டாலர் 60 சென்ட்! சர்வர் போனாலும் அதன் ஸ்னாப்ஷாட்கள், அதாவது சர்வரை அப்படியே நகலெடுத்து வைத்தவை, தனியாக உட்கார்ந்திருக்கின்றன: 160 ஜிபி, ஜிபிக்கு மாதம் 6 சென்ட். மீதி 5 டாலர் ஒரு நிலையான ஐபி முகவரிக்கு, இணையத்தில் சர்வரைத் தேடிப் பிடிக்க உதவும் எண் அது. சர்வரோடு கட்டியிருந்தவரை அது இலவசம், சும்மா கிடந்தால்தான் காசு. கேட்க வேடிக்கையாக இருந்தாலும் காரணம் உண்டு. ஐபிவி4 என்ற பழைய வகை ஐபி முகவரிகளின் உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. இதே சர்வர் வாடகைத் தொழிலில் இருக்கும் அமேசான் 2024 பிப்ரவரி 1 முதல், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், பொது ஐபிவி4 ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது. சரி என்று ஸ்னாப்ஷாட்களை அழித்தேன், ஐபியையும் திருப்பிக் கொடுத்தேன்.

செப்டம்பரில் பேக்கிங் செக்‌ஷன் தம்பியிடமிருந்து போன். பழைய கணக்கு ஒன்றைப் பார்க்க, சேமித்து வைத்திருந்த முகவரியை அழுத்தியிருக்கிறான்.

“அண்ணா, நம்ம சைட்டுல யாரோ சைட் விக்கறாங்ணா.”

திறந்து பார்த்தேன். பெங்களூரு தேவனஹள்ளி பக்கம் வீட்டுமனை, கார் நிற்கிற படத்தோடு.

நான் விட்ட ஐபி வேறொருவருக்குப் போயிருக்கிறது. கம்பெனியின் டொமைனில், அதாவது அதன் இணையப் பெயரில், ‘ஸ்டாக்’ என்ற துணைப்பெயரை அந்த ஐபிக்குக் காட்டும் வரி ஒன்று இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் இருந்தது, அதை நான் நீக்கவே இல்லை. ஒரே தளம் உள்ள சர்வர், எந்தப் பெயரில் கதவைத் தட்டினாலும் பெரும்பாலும் அந்தத் தளத்தையே காட்டும். மனை விற்பவருக்கு இது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. தெரிந்த விஷமி ஒருவன் கையில் அந்த ஐபி சிக்கியிருந்தால், எங்கள் பெயருக்கே, பிரவுசர் நம்பிக்கையாகத் திறக்கக் கேட்கும் எஸ்எஸ்எல் சான்றிதழை இலவசமாக வாங்கி, பழைய லாகின் பக்கம் மாதிரியே ஒன்றை மாட்டியிருக்கலாம். தம்பியும் வழக்கம்போல பாஸ்வேர்டைப் போட்டிருப்பான். பத்தாயிரம் போனபோது வராத வியர்வை அப்போது வந்தது. டிஎன்எஸ்ஸைத்தான் முதலில் நீக்கியிருக்க வேண்டும், ஐபியைக் கடைசியில் விட்டிருக்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்திருக்கிறேன்.

வரியை நீக்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தம்பியைக் கூப்பிட்டு மறுபடி அழுத்திப் பார்க்கச் சொன்னேன்.

“ஒண்ணும் வரலீங்ணா” என்றான். அப்புறம் கொஞ்சம் தயங்கி, “சதுரடி எவ்வளவுன்னு பாத்து வெச்சீங்களாண்ணா?”