மலை ஏறாத ஆண்டும் மீனாட்சி சந்நிதியும்

டெல்லித் தமிழர் வீட்டில் அப்பாவோ அம்மாவோ தவறிவிட்டால், பதின்மூன்றாம் நாள் முடிந்த கையோடு ஒரு கேள்வி வரும்: "மலை மந்திருக்குப் போகலாமா?" ஓராண்டு மலைக்கோயில் ஏறக்கூடாது என்பது பெரியவர்கள் வாக்கு. சில வீடுகளில் இது திருப்பதிக்கும் சபரிமலைக்கும் மட்டும். சில வீடுகளில் மலை மந்திர் நிற்கும் ஆர்.கே.புரம் செக்டர் 7 குன்றுக்கும் சேர்த்துத்தான். குடும்ப வழக்கத்தோடு மல்லுக்கு நிற்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குன்றின் மேல் சுவாமிநாதன் இருக்கிறான், 1973இல் குடமுழுக்குக் கண்ட கருங்கல் கோயிலில். கற்பக விநாயகர், சுந்தரேசுவரர், மீனாட்சி சந்நிதிகள் 1990இல் சேர்ந்தவை, அவை கீழே. துக்க ஆண்டில் கீழேயே நின்று கும்பிட்டுத் திரும்பலாம்.

மேலே இருப்பவன் தகப்பனுக்குப் பாடம் சொன்ன பிள்ளை. கீழே இருப்பவள் தகப்பனை இழந்த பெண். மீனாட்சியின் கதையில் இந்தப் பகுதியை நாம் சீக்கிரம் தாண்டிவிடுகிறோம்.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இந்தக் கதையை முழுதாகச் சொல்வது நல்லது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் நான்காம் படலத்திலிருந்து தொடங்குங்கள். பாண்டியன் மலயத்துவசனின் வேள்வித் தீயில் மூன்று மார்பகங்களோடு வந்த குழந்தை தடாதகை, நம் மீனாட்சி. கணவனாக வருபவனைக் கண்டால் ஒன்று மறையும் என்று அசரீரி சொல்கிறது. அப்பா போன பிறகு தனியே ஆள்கிறாள், படை திரட்டுகிறாள், இந்திரன் ஊரையும் விடாமல் கயிலைக்கே போகிறாள். நந்தியும் பூதகணங்களும் தோற்கிறார்கள். கடைசியில் எதிரே வந்து நின்ற சிவனை, நம் சொக்கனைப் பார்த்ததும் வில் தாழ்கிறது, பார்வை கால்விரலுக்குப் போகிறது. சண்டைக்குப் போன இடத்தில் கல்யாணம் நிச்சயமான கதை, இதைவிடப் பழையது நம்மிடம் அதிகம் இல்லை.

பெரும்பாலானவர்கள் கதையைத் திருக்கல்யாணத்தோடு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள். ஒன்பதாம் படலத்தில் தடாதகையின் அம்மா காஞ்சனமாலை கடலாட ஆசைப்படுகிறாள். மருமகன் ஏழு கடலையும் மதுரைக்கே வரவழைக்கிறார் (அந்தப் பெயரில் மதுரையில் தெரு இன்றும் இருக்கிறது). நீராடும் விதி குறுக்கே நிற்கிறது: கணவன் கையையோ மகன் கையையோ பிடித்துக்கொண்டு மூழ்க வேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் கன்றின் வாலை. கணவனும் இல்லை, மகனும் இல்லை, கன்றுதான் மிச்சம். அம்மா கலங்குவதைத் தடாதகை சொக்கனிடம் சொல்கிறாள். அடுத்த படலத்தில் மலயத்துவசன் விண்ணிலிருந்து வந்து மனைவி கையைப் பிடிக்கிறான். கயிலையில் எதிர்த்து நின்றவன் அவள் வீட்டுத் துக்கத்துக்குள் வந்தது இங்கேதான்.

இனி நடைமுறை. மெஜந்தா தடத்தில் வசந்த் விஹாரில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். செவ்வாய், கிருத்திகை, சஷ்டி நாள்களில் முருகனுக்குக் கூட்டம் நெரியும். துக்கத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு அது ஆகாது. திங்கள் மாலை தோது. சொக்கன் கல்யாணத்துக்கு வருவதாகச் சொன்ன கிழமையும் அதுதான். மே, ஜூனில் காலை எட்டுக்குள் வெளியே வந்துவிடுங்கள், கருங்கல் தரை பாதத்தைப் பொசுக்கும். நண்பகலில் நடை சாத்தியிருக்கும்.

அடிக்கடி நடக்கிற பிழை அர்ச்சனைச் சீட்டில். போனவர் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிடுகிறார்கள். அர்ச்சனை இருப்பவர்களின் நலத்துக்கு. பிள்ளையின் பெயர், கோத்திரம், நட்சத்திரம் போதும். போனவர் நினைவாக அன்னதானத்துக்குக் கொடுக்கலாம். மகள்களை இங்கே கவனியுங்கள். மாசிகம், தர்ப்பணம் என்று மகனுக்கு மாதாமாதம் ஒரு வேலை இருக்கிறது, மகள் சும்மா உட்கார வைக்கப்படுகிறாள். சீட்டை அவள் கையில் கொடுங்கள், சங்கல்பத்தில் அவளே பெயர் சொல்லட்டும்.

இரண்டாவது பிழை ஆண்டு எப்போது முடிகிறது என்பதில். ஆங்கிலத் தேதி பார்த்து மலை ஏறுவது தவறு. தமிழ் மாதம், பட்சம், திதி மூன்றையும் பாருங்கள். டெல்லிக் கடையில் வாங்கிய இந்திப் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் தேய்பிறையில் மாதப் பெயர் ஒன்று தள்ளி நிற்கும். நம் பக்கம் பாத்ரபதம் என்கிற மகாளய பட்சம் அங்கே ஆசுவினம். பொதுத்தேர்வு மாசி, பங்குனியில் வருவதால், திதியும் தேர்வும் மோதுமா என்று தை மாதமே புரோகிதரிடம் கேட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இருவர், பேச்சுப்போட்டி மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்தெடுத்தவர்கள், ஒரே ஆண்டில் அப்பாவை இழந்து இந்தச் சந்நிதிப் படியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். குடும்பத்தார் மேலே போய் வரும்வரை இருவரும் கீழேதான். அவன் மொட்டையைப் பற்றி வகுப்பில் வாயே திறக்காத ஒரே ஆள் அவள். முதல் மாதம் பேச்சில்லை. பிறகு மாசிகத் தேதியை ஒருவருக்கொருவர் நினைவூட்டும் அளவுக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்ததை இரண்டு அம்மாக்களும் தெரியாதது போல இருந்தார்கள்.

அவளுக்கு ஐப்பசித் திதியிலேயே ஆண்டு முடிந்துவிட்டது. அவனுக்கு மார்கழி. அந்த இரண்டு மாதமும் வீட்டார் மேலே கூப்பிட்டபோது, "கால் வலிக்குதும்மா, நீங்க போயிட்டு வாங்க" என்று அவள் கீழேயே இருந்துகொண்டாள்.