பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்

மருந்துக் கடைக் கவுண்டரில் இருபது வருடம் நின்றவனுக்கு, வருகிறவர் என்ன கேட்கப்போகிறார் என்பது அவர் படியேறும்போதே பாதி தெரிந்துவிடும். காய்ச்சல்காரர் நேரே வந்து நிற்பார். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் தெருவிலிருந்தே குரல் வரும். இன்னொரு வகை ஆட்கள் உண்டு. எதிர்ப்புறம் வண்டியை நிறுத்திவிட்டுக் கடையில் கூட்டம் குறையக் காத்திருப்பார்கள். பெண்கள் எல்லோரும் போன பிறகு உள்ளே வந்து, தேவையே இல்லாத ஒரு தலைவலி மாத்திரை கேட்பார்கள். பில் போட்ட பிறகும் நகர மாட்டார்கள். பிறகு சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த துண்டுக் காகிதம் ஒன்று வரும். அதை விரிக்காமலே என் பக்கம் தள்ளுவார்கள். அதில் நண்பர் யாரோ எழுதிக்கொடுத்த ஒரு ஆண்மைக்குறைவு மாத்திரையின் பெயர் இருக்கும்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நான் இந்தக் காகிதங்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். புதுச்சேரியில் வேலை பார்த்த காலத்திலும் பார்த்தேன். இரண்டு ஊருக்கும் நடுவே 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கடலூர்க்காரர் தெரிந்த முகம் பார்த்துவிடுமே என்று முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போய்க் கேட்பார். புதுச்சேரிக்காரர் அதே பயத்தில் பஸ் ஏறி இங்கே வருவார்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் கேள்வி கேட்காமல்தான் கொடுத்தேன். நான் வேலை பார்த்த கடையில் முதலாளியின் உத்தரவு அது: கேள்வி கேட்டால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆண்மைக்குறைவுக்குக் கொடுக்கும் சில்டெனாபில், டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத ஷெட்யூல் எச் மருந்து என்று டிப்ளமோவில் படித்திருந்தேன். படித்தது வேறு, அங்கே நடந்தது வேறு. ஒரு நாள் இரவு, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவருக்கு அட்டையிலிருந்து அந்த மாத்திரை இரண்டை வெட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் அவர் மகன் வந்தான். கையில் அந்த வெட்டிய துண்டு. "அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். இது என்ன மாத்திரை என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள்" என்றான். இன்னொரு சின்னக் குப்பியையும் கவுண்டரில் வைத்தான். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை. முந்தின வாரம் அதையும் அவருக்கு எடுத்துக் கொடுத்தது நான்தான்.

நைட்ரேட் ரத்தக்குழாயைத் திறந்துவிடும். சில்டெனாபில் திறந்ததை மூடவிடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் கிணற்றில் விட்ட வாளி மாதிரி இறங்கிவிடும், உயிரே போகலாம். அவர் பிழைத்துக்கொண்டார். நான் அந்தக் கடையில் மேலும் மூன்று மாதம்தான் இருந்தேன். "நெஞ்சு வலிக்கு எதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்ற ஒரே கேள்வியை அன்று கேட்டிருக்கலாம். அதற்கு ஐந்து விநாடி போதும். அந்தப் பையன் குப்பியை வைத்தபோது கண்ணாடியில் எழுந்த 'டக்' என்ற சத்தம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

இந்த மருந்தே இதயத்துக்காகத் தேடப்போய்க் கிடைத்ததுதான். நெஞ்சுவலிக்குப் பயன்படுமா என்று சோதித்துப் பார்த்தவர்கள், அது வேறொரு இடத்தில் வேலை செய்வதைக் கண்டார்கள். 1998 மார்ச் மாதம் அமெரிக்காவில் ஆண்மைக்குறைவுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. ரத்தக்குழாய்களை விரியச் செய்வது நைட்ரிக் ஆக்சைடு என்று கண்டறிந்த மூவருக்கு அதே ஆண்டு நோபல் பரிசும் கிடைத்தது. இதைச் சொன்னால் எதிரே நிற்பவரின் முகம் கொஞ்சம் இளகுவதைப் பார்த்திருக்கிறேன். அசிங்கமான சமாச்சாரம் என்று நினைத்து வந்தவருக்கு, இதுவும் ரத்த ஓட்டம் சம்பந்தப்பட்ட ஒன்றுதான் என்று புரிகிறது.

நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வதும் இந்த ரத்த ஓட்டத்தைப் பற்றித்தான். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாயின் அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். இதயத்துக்குப் போவது மூன்று நான்கு மில்லிமீட்டர். சர்க்கரையும் புகையும் கொழுப்பும் குழாயைக் கெடுக்கத் தொடங்கினால், சின்னக் குழாய் முதலில் அடைபடும். நாற்பது, ஐம்பது வயதில் விறைப்பு குறைய ஆரம்பித்தால் இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் நெஞ்சுவலி வரக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான். உடம்பு முன்கூட்டியே கடிதம் போடுகிறது. நாமோ பிரிக்காமலே அதை ஒளித்துவைக்கிறோம். மடித்த காகிதத்தோடு வருகிறவர்களிடம் கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தீர்கள் என்று கேட்டால், பாதிப்பேர் பார்த்ததே இல்லை என்பார்கள்.

சிலரிடம் கோளாறு மாத்திரையில் இருக்கும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகளும், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சிலவும் விறைப்பையோ ஆசையையோ குறைப்பது உண்டு. டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். ஆனால் சொல்லமாட்டார்கள்; மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மாதம் தவறாமல் பிரஷர் மாத்திரை வாங்கிய ஒரு லாரி டிரைவர் திடீரென்று வருவதை நிறுத்தினார். எட்டு மாதம் கழித்து, ஒரு பக்கம் விழுந்துபோன நிலையில் அவரை ஆட்டோவில் பார்த்தேன். எதனால் நிறுத்தினார் என்பதை அவர் தம்பி தனியாக வந்து சொன்னான்.

இளைஞர்கள் கதை வேறு. நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். கல்யாணமாகி மூன்று வாரம். பையில் ஒரு தகர டப்பா. மூடியைச் சுற்றி லேகியம் கசிந்து பிசுபிசுத்திருந்தது; வெல்லமும் நெய்யும் கெட்டுப்போன வாசனை. லாட்ஜில் அறை எடுத்து உட்கார்ந்திருந்த வைத்தியர் ஒருவர் 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தது. நரம்புத் தளர்ச்சி, கைப்பழக்கத்தால் தாது போய்விட்டது, ஒரு சொட்டு விந்துக்கு இத்தனை சொட்டு ரத்தம் என்றெல்லாம் கணக்குச் சொல்லியிருக்கிறார். இந்தப் பொய்யைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. விந்து ரத்தத்திலிருந்து வடிவது அல்ல. அதில் பெரும்பகுதி சுரப்பிகளின் நீர். உயிரணுக்கள் இரண்டரை மாதத்துக்குள் உருவாகி, உருவாகிக்கொண்டே இருக்கின்றன. தூக்கத்தில் வெளியேறுவதும் நோய் அல்ல. ஆண்மை பெருகும் என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது. ஆனாலும் பஸ் நிலையக் கழிப்பறைச் சுவரில் இன்றைக்கும் அந்த நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. 'இயற்கை' என்று விற்கும் இத்தகைய மருந்துகளில் சில்டெனாபிலையே கலந்திருப்பதும் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்காரர் அதைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்தவன்.

"காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா தம்பி?" என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அப்படியானால் நரம்பும் குழாயும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கின்றன என்றேன். மேலும் பேசியபோது வீட்டைப் பற்றிச் சொன்னார். இரண்டே அறை. நடுவில் இருப்பது கதவு அல்ல, புடவைத் திரை. அந்தப் பக்கம் அம்மாவின் இருமல் கேட்கும். சிப்காட்டில் இரவு ஷிப்ட் வேறு. முகம் தெரிந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண்ணோடு இந்த நிலையில் பதற்றம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மாத்திரை வேண்டாம், நாலு நாள் எங்கேயாவது இருவரும் போய் வாருங்கள், அப்படியும் சரியாகாவிட்டால் அரசு மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ டாக்டரைப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள் என்றேன். அவர் ஒரே ஒரு மாத்திரை கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கொடுக்கவில்லை. டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போனவர் திரும்ப வரவில்லை.

அவர் நின்றுகொண்டே, வாசலைப் பார்த்துக்கொண்டே பேசியது மனதை உறுத்தியது. மறுவாரம் கடையின் உட்பக்கம், இன்சுலின் வைக்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டேன். வாசலுக்கு முதுகு காட்டி உட்காரும்படி போட்டேன். பிரிட்ஜ் ஓடும் சத்தத்தில் பேச்சு வெளியே கேட்காது. டாக்டர் சீட்டோடு வருகிறவர்களுக்கும் அங்கே வைத்துத்தான் விளக்குவேன்: வயிறு முட்டச் சாப்பிட்டபின் போட்டால் தாமதமாகும், ஆசை இல்லாமல் மாத்திரை தானாக வேலை செய்யாது, விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நெஞ்சு வலித்து ஆஸ்பத்திரிக்குப் போனால் இதைப் போட்டதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

போன மாதம் அந்த ஸ்டூலில் முதன்முறையாக ஒரு பெண் உட்கார்ந்தார். வாரந்தோறும் கணவருக்கு இன்சுலின் வாங்க வரும் அம்மா. ஐம்பதை நெருங்கும் வயது. முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அவர் இரண்டு வருடமாகத் திண்ணையில்தான் படுக்கிறார். என்மேல் வெறுப்பு என்று நினைத்திருந்தேன். நேற்று வாயைத் திறந்து சொல்லிவிட்டார், முடியவில்லையாம். சர்க்கரையால் இப்படி வருமா தம்பி?" என்றார்.

வரும் என்றேன். சர்க்கரை நரம்பையும் குழாயையும் சேர்த்தே கெடுக்கும், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் மேலும் கெடாமல் தடுக்கலாம், அதோடு இதயத்தையும் பார்த்துவிட வேண்டும், சிகிச்சை இருக்கிறது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெளியே வண்டியில்தான் இருக்கிறார். கூப்பிடட்டுமா?"

கூப்பிடுங்கள் என்றேன். பரணிலிருந்து இன்னொரு ஸ்டூலை இறக்கிப் பக்கத்தில் போட்டேன்.