மினிவேனைக் கைவிட்ட டெட்ராய்ட்

அமெரிக்காவில் கார்ப் பித்துக் கொண்ட நண்பர்களிடம் குடும்பத்துக்கு ஏற்ற வண்டி எது என்று கேட்டால், பெரும்பாலும் ஸ்டேஷன் வேகன், அதாவது கூரை பின்வரை நீண்டு சாமான் வைக்க இடம் தரும் கார், என்றே பதில் வரும். மூன்று வரிசை இருக்கைகளும் பக்கவாட்டில் நகர்கதவும் கொண்ட மினிவேன் என்று சொல்ல அவர்களுக்கு மனம் வராது. எனக்கு இது வருத்தம் தருகிறது. டெட்ராய்ட் நகரை மையமாகக் கொண்ட அமெரிக்க வாகனத் துறை குடும்பங்களுக்காகச் செய்த மிகச் சிறந்த வண்டி மினிவேன்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திவாலின் விளிம்பில் நின்று, அரசு அளித்த 150 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தால் மீண்ட கிரைஸ்லர் நிறுவனம், 1983-ஆம் ஆண்டின் இறுதியில் டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் என்ற மினிவேன்களைக் கொண்டுவந்தது. இந்த யோசனையை ஃபோர்டில் இருந்தபோதே வளர்த்தவர் ஹால் ஸ்பெர்லிக். அங்கே அது எடுபடவில்லை; அவரும் ஃபோர்டின் தலைவராக இருந்த லீ அயகோக்காவும் ஃபோர்டிலிருந்து வெளியேற்றப்பட்டு கிரைஸ்லருக்கு வந்த பிறகே அது உருப்பெற்றது. இன்ஜினின் விசை முன் சக்கரங்களுக்கே செல்வதால் தரைக்கு அடியில் நீண்ட தண்டு ஓட வேண்டியதில்லை; ஆகவே தரை தாழ்வாகவும் சமமாகவும் அமைந்தது, வண்டியும் சாதாரண வீட்டு கராஜுக்குள் நுழைந்தது. 2005-இல் வந்த மாடலில் இரண்டாம் வரிசை இருக்கைகளே தரைக்குள் மறைந்தன: தரையிலுள்ள மூடியைத் திறந்து, வாரை இழுத்தால் சாய்மானம் மடிந்து, இருக்கை முழுவதும் குழிக்குள் இறங்கிவிடும். மூட்டு வலியுள்ள பெரியவர் ஒருவர் அகலத் திறந்த நகர்கதவின் வழியே யாருடைய கையையும் பிடிக்காமல் ஏறி அமர்வதைப் பார்த்தவர்கள், உயரமான எஸ்யூவியை அதற்கு இணையாகச் சொல்ல மாட்டார்கள்.

வேகன் அழிந்ததற்கு வாங்குபவர்களின் ரசனை மட்டும் காரணமன்று. 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த எரிபொருள் சிக்கன விதிகள் கார்களுக்குக் கடுமையாகவும், இலகு டிரக்குகளுக்குத் தளர்வாகவும் இருந்தன. வேகன் கார் என்ற கணக்கில் சேர்ந்தது, மினிவேனும் எஸ்யூவியும் டிரக் கணக்கில் சேர்ந்தன. 1990-இல் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற எஸ்யூவி வந்த பிறகு லாபம் எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பியூக் ரோட்மாஸ்டர் வேகன் 1996-உடன் நின்றது. அதைச் செய்த டெக்சாஸின் ஆர்லிங்டன் ஆலை பெரிய எஸ்யூவிகளுக்கு மாறியது.

ரசிகர்களுக்கும் இதில் பங்குண்டு. 556 குதிரைத்திறனும் கையால் மாற்றும் கியரும் கொண்ட கேடிலாக் சிடிஎஸ்-வி வேகனை அவர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். ஆனால் ஷோரூமில் புதிதாக வாங்கியவர்கள் மிகச் சிலரே.

ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மினிவேனை விட்டு விலகி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. கிரைஸ்லரின் மினிவேனான பசிபிகா, டெட்ராய்ட் ஆற்றுக்கு அப்பால் கனடாவின் வின்ட்சரில் தயாராகிறது. ஹோண்டா ஒடிசி, டொயோட்டா சியன்னா ஆகிய மினிவேன்கள் முறையே அமெரிக்காவின் அலபாமாவிலும் இண்டியானாவிலும் தயாராகின்றன. டெட்ராய்ட் கண்டெடுத்த வண்டியை இன்று அமெரிக்க மண்ணில் அமெரிக்கத் தொழிலாளர்களைக் கொண்டு செய்பவை ஜப்பானிய நிறுவனங்களே.